சோறு போகாத வீடு

போன ஞாயிற்றுக்கிழமை நாம் கூடியிருந்தபோது, என் சேக்காளிகளே, ஆளாளுக்கு ஒரே பாட்டைத்தான் பாடினீர்கள். அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் தெருவே சமைக்கும், ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தெருவே கஞ்சி கொண்டுபோகும், இப்போ யாரு இருக்கா, போனை அமுக்கினால் பொட்டலம் வருகிறது என்று. நானும் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு ஒரு நிலையில் இல்லை. நீங்கள் சொன்னது பொய்யில்லை, பாதி. மற்ற பாதியை நான் சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் ஏசுங்கள். ஏசினால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருக்கும்.

நாம் அஞ்சாங்கிளாஸ் படித்த வருசம், ஐப்பசி மாசம். அப்படி ஒரு மழை. சானலில் கலங்கல் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. தோவாளைச் சந்தைக்குப் போகிற பூக்கூடைகளின்மேல் வாழையிலை, அதற்கும் மேல் சாக்கு என்று மூடிப் பார்த்தும் பிச்சிப்பூவெல்லாம் அழுகி, தெரு முழுக்க ஒரு புளித்த வாசம். அந்த மழையில்தான் என் மாமி பிள்ளை பெற்றாள். மாமி என்றால் என் அம்மையின் தம்பி பெண்டாட்டி. சானலுக்கு அந்தப் பக்கம் வீடு. அவளுக்குத் தாய் இல்லை. இருந்திருந்தால் முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போயிருப்பாள். இல்லாததால் நாற்பது நாள் பத்தியச் சோற்றையும் என் அம்மை தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டாள். "தாயில்லாப் பிள்ளைக்கு நான் செய்யாம பின்ன எவ செய்வா?" என்று கேட்ட ஆளிடமும் சொன்னாள், கேட்காத ஆளிடமும் சொன்னாள்.

அம்மை சமைத்தால் அது சமையல். காலையிலேயே அம்மியில் நல்லமிளகும் சுக்கும் அரைபடும். பூண்டை முழுசு முழுசாக நல்லெண்ணெயில் போட்டு வதக்கி, அரைத்ததை விட்டு, குழம்பு கொதிக்க ஆரம்பித்தால் வாசலில் நிற்கிறவனுக்கு மூக்கில் நீர் வரும். கடற்கரையிலிருந்து வருகிற மீன்காரி பால்சுறா கிடைத்த அன்றைக்கு வேறு எங்கும் கூடையை இறக்காமல் நேராக எங்கள் வீட்டுக்கு வருவாள். சுறாவை அவித்து, தோலுரித்து, உதிர்த்து, மஞ்சளும் சின்ன உள்ளியும் போட்டுப் புட்டாகக் கிளறி எடுத்தால் பெற்றவளுக்குப் பால் ஊறும். கூடவே முருங்கைக்கீரை, குழைய வெந்த சிவப்பரிசிச் சோறு. எங்களுக்கு? கஞ்சியும் துவையலும். சுறாப்புட்டுச் சட்டியை வழித்து நக்குகிற உரிமை மட்டும் எனக்கு இருந்தது. அதற்கும் என் அண்ணன் சண்டைக்கு வருவான்.

எல்லாம் மூணு அடுக்குப் பித்தளைக் கேரியரில் போகும். மத்தியானம் பள்ளிக்கூடத்து மணி அடித்ததும் ஓடிவந்து, அதைத் தூக்கிக்கொண்டு சானல் பாலம் தாண்டி மாமி வீட்டில் கொடுக்க வேண்டியது என் வேலை. மேல்மூடியில் அம்மை ஒரு கரித்துண்டு வைப்பாள். கண்ணு விழாமல் இருக்க.

"வழியில நிக்கப்பிடாது. எவ கேட்டாலும் தொறந்து காட்டப்பிடாது. பெத்தவளுக்குக் கொண்டுபோற சோறாக்கும். கேட்டியா?"

கேட்டேன். கேரியரின் காது உள்ளங்கையை அறுக்கும், கை மாற்றி மாற்றிப் பிடிப்பேன், ஆனாலும் நடையைப் பார்க்க வேண்டுமே! எதிரில் மாடு வந்தால்கூட நான் ஒதுங்க மாட்டேன், மாடுதான் ஒதுங்க வேண்டும் என்கிற நினைப்பு.

பாலத்துக்கு இந்தப் பக்கம் தையல் அக்கா வீடு. வாடகைக்கு ஒற்றை அறை. வாசலை ஒட்டித் தையல் மிஷின். பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் ரப்பர் பால் வெட்டுகிறவர்களின் மகள் அவள். மாப்பிள்ளை திருவனந்தபுரத்துக்குப் பூ ஏற்றிப் போகிற வண்டிக்கு டிரைவர். அவள் தண்ணீரை வெள்ளம் என்பதும், கேள்வியை இழுத்து இழுத்துக் கேட்பதும் நம் தெருவுக்குச் சிரிப்பு. நீங்களும் சிரித்திருக்கிறீர்கள், மறுக்காதீர்கள். என்னை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, குட்டி என்றுதான். என் பாவாடையில் கிழிசல் விழுந்தால் அம்மைக்குத் தெரியும் முன்னே தைத்துத் தந்துவிடுவாள்.

அவளும் மாமியும் ஒரே சமயத்தில் பிள்ளை உண்டாகியிருந்தார்கள். தெருப் பெண்கள் இரண்டு பேருக்கும் மாங்காய் கொண்டு கொடுத்தார்கள், இரண்டு வயிற்றையும் பார்த்துப் பார்த்து, எது ஆண் எது பெண் என்று பந்தயம் கட்டாத குறை. தையல் அக்காவின் வயிறு மிஷினில் இடிக்கும். தள்ளி உட்கார்ந்து, கையை நீட்டி நீட்டித் தைப்பாள். "குட்டி, இங்க கைய வச்சுப் பாரு. உள்ள ஒரு ஆளு கெடந்து மிதிச்சு விடுது" என்று என் கையைப் பிடித்து வைப்பாள். நான் பயந்து கையை இழுத்தால் சிரிப்பாள். பழைய வேட்டியை வெட்டி ஆறு சட்டை தைத்தாள். ஒவ்வொன்றும் என் கையளவு. துணி உறுத்தக்கூடாது என்று மடிப்புத் தையலை வெளிப்பக்கமாக விட்டிருந்தாள். மூணு மாமிக்கு, மூணு தனக்கு.

மாமிக்குப் பையன் பிறந்தான். தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தோம். அதற்கு ஆறாம் நாள் தையல் அக்காவுக்கு வலி வந்து, அவள் மாப்பிள்ளை பூ வண்டியிலேயே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நாலு நாள் கழித்து அதே வண்டியில் வந்து இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை மட்டும்தான் இருந்தது. கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். "பிள்ளை தங்கல்ல" என்றார்கள் பெரியவர்கள். அதற்குமேல் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மலையிலிருந்து அவள் தாய் வந்து மூணு நாள் இருந்தாள். நாலாம் நாள் பால் வெட்டப் போகாவிட்டால் வேலை போய்விடும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

நான் அம்மையிடம் கேட்டேன். கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

"எம்மா, தையல் அக்காவுக்கு யாரும்மா சோறு கொண்டுபோறா?"

"அவளுக்கு என்னத்துக்குட்டி பத்தியச் சோறு? பால் குடிக்கதுக்குப் பிள்ளை இருந்தால்லா?"

"அப்போ செத்த வீட்டுக்குக் கொண்டுபோவிய, அந்தக் கஞ்சி?"

"ஏ மூதி! வாய மூடு. பேரு வைக்காத பிள்ளைக்குக் கஞ்சி கொண்டுபோவாளா எவளாம்? இங்க ஒருத்தி பச்ச உடம்போட கெடக்கா, அந்தப் பேச்சே எடுக்கப்பிடாது."

அவ்வளவுதான். அது பிள்ளை பிறந்த வீடும் இல்லை, சாவு விழுந்த வீடும் இல்லை. நம் தெருவில் கொடுக்க மனசில்லாதவர்கள் யாரும் இல்லை, அதை நான் கோயிலில் நின்றும் சொல்வேன். ஆனால் எந்த வீட்டுக்கு என்ன கொண்டுபோவது என்று ஒரு வழக்கம் இருந்ததல்லவா, அதில் தையல் அக்காவின் வீட்டுக்கு இடம் இல்லை. அவள் உடம்பும் பத்து மாசம் சுமந்து பெற்ற உடம்புதான் என்று ஒரு பெண்ணுக்கும் தோன்றவில்லை. எல்லாரும் பெற்றவர்கள்தான், அதுதான் ஆச்சரியம்.

அவள் மாப்பிள்ளை விடியும் முன்னே வண்டியோடு போனால் பொழுது அடைந்துதான் வருவான். பகல் முழுக்க அவள் ஒற்றைக்கு இருந்தாள். கேரியரோடு நான் போகும்போது கதவு பாதி சாத்தியிருக்கும். மிஷின் சத்தம் கேட்காது.

ஒரு நாள் மத்தியானம் கதவு திறந்திருந்தது. அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை அவிழ்ந்து கிடந்தது. ரவிக்கை முன்பக்கம் இரண்டு இடத்தில் வட்டமாக நனைந்திருந்தது. மழைச் சாரல் என்று நான் நினைத்தேன். அது என்னவென்று எனக்கு விளங்க என் மூத்த மகள் பிறக்க வேண்டியிருந்தது.

"குட்டி, என்ன கறி? நல்லமிளகா?"

"ம்."

"மணம் வந்தப்பவே நினைச்சேன்." உள்ளே போய் ஒரு பீங்கான் கிண்ணத்தோடு வந்தாள். "ஒரு கரண்டி விட்டுட்டுப் போறியா மக்கா? உள்ளெல்லாம் ஒரே குளிரா இருக்கு. பழைய கஞ்சி எறங்கல்ல. உறைப்பா சூடா ஒரு வாய் குடிச்சாக் கொள்ளாம்."

நான் மூடியில் இருந்த கரித்துண்டைப் பார்த்தேன்.

"தரப்பிடாது. அம்மை ஏசும்."

"ஒரே ஒரு கரண்டி. மாமிக்குக் கொறஞ்சு போவாது."

படியில் ஒரு காலை இறக்கி, கிண்ணத்தை என் பக்கமாக நீட்டினாள். அவள் கேரியரைத் தொடவில்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தொடவே இல்லை. நான்தான் திரும்பி ஓடினேன். பின்னால் "பைய போ குட்டி, பாலம் வழுக்கும், பைய!" என்று அவள் கத்துவது கேட்டது. பாலத்துக் கல்லில் பாசி. சறுக்கிக் குப்புற விழுந்தேன். கேரியர் உருண்டு, நடு அடுக்கு வாயைப் பிளந்து, குழம்பு அத்தனையும் கல்லில் ஓடிச் சானலில் கலந்தது. முட்டியில் தோல் போனது. அது வலிக்கவே இல்லை. அம்மையிடம் என்ன சொல்வது என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

வீட்டில் அம்மை என் காதைத் திருகிப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையில் அகப்பை.

"ஆறு மணிக்கூறு அடுப்படியில கெடந்து வெந்தேன் நான்! எங்கட்டி கொட்டின? சொல்லு!"

சொன்னேன். "தையல் அக்கா கேரியரப் புடிச்சு இழுத்தா. எனக்குத் தா எனக்குத் தான்னு இழுத்தா."

ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட யோசிக்கவில்லை. பத்து வயசுப் பிள்ளைக்கு அடிக்குப் பயந்து வாயில் வந்த பொய் என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அது போதும் என்றால் நல்லது, எனக்குப் போதவில்லை.

அம்மை அகப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. என் காதைப் பிடித்தபடியே தெருவழியாக என்னை இழுத்துக்கொண்டு போய்த் தையல் அக்கா வாசலில் நிறுத்தினாள். சத்தம் கேட்டு நாலைந்து பெண்கள் வந்துவிட்டார்கள். எண்ணெய்க்கடைக்காரி முன்னால் வந்து நின்றாள், எங்கே கூட்டம் கூடினாலும் அவள்தான் முதல் ஆள்.

"ஏட்டி, சின்னப் பிள்ளை கையில இருந்து சோத்தப் புடிச்சு இழுத்தியா நீ?"

தையல் அக்கா வெளியே வந்தாள். அம்மையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். என் முட்டியிலிருந்து வடிகிற ரத்தத்தைப் பார்த்தாள், சிவந்து கன்றிப்போன காதைப் பார்த்தாள், அம்மையின் கையில் இருந்த அகப்பையைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது உண்மையைச் சொல்லிவிடப் போகிறாள், என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"ஆமாக்கா" என்றாள். "பசியில செய்துட்டேன். பிள்ளைய அடிக்காதிய."

என் காதைப் பிடித்திருந்த அம்மையின் விரல் அந்த நேரம் தளர்ந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பசி என்ற சொல்லைக் கேட்டால் அம்மையால் தாங்க முடியாது. யாசகம் கேட்டு வருகிறவனுக்குத் தன் பங்கைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுக்கிறவள் அவள். இன்னும் ஒரு நிமிசம் யாரும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அம்மை வீட்டுக்குப் போய் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்திருப்பாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த ஒரு நிமிசத்தில் எண்ணெய்க்கடைக்காரி சொன்னாள்: "பசியா, வயித்தெரிச்சலா? அங்க ஒருத்தி ஆம்பிளைப் பிள்ளையப் பெத்து வச்சிருக்கால்லா."

போச்சு. கூட்டத்தின் முகமே மாறிப்போயிற்று. அம்மையின் விரல் மறுபடியும் என் காதில் இறுகியது. "இனி எங்க வீட்டுச் சோத்து மேல கண்ணு வச்ச, பாத்துக்கோ" என்றாள் அம்மை. தையல் அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வாரமே மாமியின் பையனுக்கு வயிற்றுப்போக்கு. மழைக்காலத்தில் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அது இருந்தது, ஆனால் மாமி வீட்டில் காரணம் கண்டுபிடித்தாகிவிட்டதே. உப்பும் வத்தல்மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். தையல் அக்கா தைத்த மூணு சட்டையையும் மாமா கம்பால் தூக்கிக் கொண்டுபோய்ச் சானலில் எறிந்தார். சானல் அவள் வீட்டுப் பின்வாசல் வழியாகத்தான் ஓடுகிறது. அவள் பார்த்தாளா இல்லையா, தெரியாது. நான் கேரியரை வயல் வரப்பு வழியாகச் சுற்றிக் கொண்டுபோகும்படி ஆயிற்று. சேறு முழங்கால் வரைக்கும். அது எனக்குச் சந்தோசமாக இருந்தது, அவள் வாசலைத் தாண்ட வேண்டாமே.

அதன் பிறகு அவளிடம் துணி தைக்க யாரும் போகவில்லை. பையனின் வயிறு நாலு நாளில் சரியாயிற்று, அதற்காக யாரும் அவளிடம் போய் ஒன்றும் சொல்லவில்லை. கார்த்திகை பாதியில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், பூ வண்டி அவள் வீட்டு முன்னால் நிற்கிறது. மிஷினை ஏற்றி, பாயைச் சுற்றி ஏற்றி, அவள் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். நான் புளியமரத்துக்குப் பின்னால் நின்றேன். அவள் இரண்டு தடவை தெருவை எட்டிப் பார்த்தாள். என்னைத் தேடினாள் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது, ஆனால் அந்தத் தெருவில் அவள் தேட வேறு யார் இருந்தார்கள்? வண்டி போனது. மலைக்குப் போனாளா, வேறெங்கும் போனாளா, ஒருவருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவே இல்லை.

அம்மை கடைசிக் காலத்தில் என்னோடுதான் இருந்தாள். படுக்கையாகிவிட்டாள். கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது ஒரு நாள், என்ன தோன்றிற்றோ, சொல்லிவிட்டேன்.

"எம்மா, தையல் அக்கா அன்னைக்கு இழுக்கல்ல. நான்தான் வழுக்கி விழுந்தேன். பொய் சொன்னேன்."

அம்மை கஞ்சியை விழுங்கினாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள்.

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன்.

"அவ மொகத்தப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு. உன் மொகமும் தெரியாதா எனக்கு? அத்தன பேருக்கு முன்னால எம்பிள்ள பொய்க்காரின்னு எப்பிடிச் சொல்லச் சொல்லுக?"

"அப்போ பிறகாவது அவளுக்கு ஒரு கிண்ணம்..."

"தோணிச்சு மக்கா. ரெண்டு நாளு எடுத்து மூடிக்கூட வச்சேன். பெத்த வீட்டுக்குன்னு சொல்லிக் கொண்டுபோவனா, செத்த வீட்டுக்குன்னு சொல்லிக் கொண்டுபோவனா? என்ன சொல்லிக் கதவத் தட்டுவேன்? வச்சிருந்து வச்சிருந்து பசுவுக்கு ஊத்தினேன்."

அதற்குமேல் அவள் கஞ்சி குடிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மையின்மேல் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! பிறகு அடுக்களையில் போய் நின்று நான் அழுதது அம்மைக்காகவும்தான்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு இதை எழுதவில்லை. அந்த நினைப்பு எனக்கும் இருந்தது, போன மாசம் வரைக்கும்.

நாகர்கோவிலில் நான் இருக்கிற பிளாட் உங்களுக்குத் தெரியும். எங்கள் கட்டடத்துப் பெண்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. யாராவது பிள்ளை பெற்று வந்தால் ஒரு லிஸ்ட் போட்டு, நாளுக்கு ஒரு வீடாகச் சாப்பாடு கொண்டு கொடுக்கிறோம். நல்ல பிள்ளைகள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. இந்தத் தடவை ஒரே நேரத்தில் இரண்டு பேர். ஒருத்தி மூணாம் மாடி, ஒருத்தி முதல் மாடி. மூணாம் மாடிக்காரிக்குச் சுகப்பிரசவம். முதல் மாடிக்காரிக்கு ஒன்பதாம் மாசம் முடிகிற சமயத்தில் பிள்ளை அசையவில்லை என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்படியேதான் பிறந்தது. அன்றைக்கு மாலை குரூப்பில் ஒரு பெண் எழுதினாள்: "முதல் மாடிக்கு இனி சாப்பாடு தேவைப்படாதுல்லா, பேரை எடுத்திரலாமா?" கீழே வரிசையாகப் பெருவிரல். ஒன்று, இரண்டு, பத்து. பதினொன்றாவது பெருவிரல் என்னுடையது.

ஆமாம், நான்தான். இத்தனையும் தெரிந்த நான்தான். விரல் பாட்டுக்கு அமுக்கிவிட்டது.

ஒன்பது நாள் ஒன்றும் செய்யவில்லை. போய் நின்றால் அந்தப் பெண் அழுவாளே, என்ன பேசுவது, தனியாக இருக்க விடுவதுதான் மரியாதை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். பத்தாம் நாள் மூணாம் மாடிக்கு என் முறை. சோறும் பூண்டு ரசமும் கீரையும் ஒரு கூடையில் வைத்துக்கொண்டு படியேறினேன். முதல் மாடியில் அந்தக் கதவுக்கு முன்னால் மூணு பால் பாக்கெட் எடுக்காமல் கிடந்தது. ஒன்று உப்பி வெடிக்கிற மாதிரி இருந்தது. சொன்னால் நம்புங்கள், அப்போதும் என் கால் மேலே ஓடத்தான் பார்த்தது. மணியை அழுத்திவிட்டேன்.

வெகுநேரம் கழித்துத் திறந்தாள். நைட்டிக்கு மேலே நெஞ்சில் ஒரு துண்டை அழுத்திப் பிடித்திருந்தாள். கூடையைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது மூணாம் மாடிக்கு உள்ளது. நீங்க மாடி மாறி வந்துட்டிய."

"மாறல்ல மக்கா" என்றேன். "பெத்தவளுக்குத்தான் கொண்டுவந்தேன்."

கதவை அகலத் திறந்தாள். ஒதுங்கி வழிவிட்டாள். அவள் மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தான். நான் அடுக்களையில் தட்டைத் தேடி எடுத்துச் சோறு போட்டு ரசத்தை ஊற்றினேன். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். முதலில் இரண்டு வாய் மெதுவாக. பிறகு பசித்தவள் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டாள். நெற்றியில் வேர்த்தது. இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாள், ஊற்றினேன்.

கையைக் கழுவாமலே அவளாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"பெண்ணு, ஆன்ட்டி. தலை நிறைய முடி. காது ரெண்டும் என்னய மாதிரி. பெருவிரலு மட்டும் அவ அப்பாவுக்கு உள்ள மாதிரி. நர்சம்மா கொஞ்ச நேரம் எனக்க கையில தந்தாவ." கை காய்ந்துகொண்டிருந்தது. "ஆணா பெண்ணான்னு இதுவரைக்கும் யாருமே எங்கிட்ட கேக்கல்ல ஆன்ட்டி."

"சொல்லு மக்கா" என்றேன். சொன்னாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் சொன்னாள். வைக்க நினைத்திருந்த பேரையும் சொன்னாள். அன்றைக்கு மூணாம் மாடிக்குச் சோறு பிந்தித்தான் போனது.

படி இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது, என் சேக்காளிகளே. பாதிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தையல் அக்காவுக்குப் பிறந்தது ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. அம்மைக்கும் தெரியாது, தெருவில் ஒருத்திக்கும் தெரியாது. நாம் யாரும் அவளிடம் கேட்கவே இல்லை.